ஈச்சம்பாறைப் புகை

எட்டாம் வகுப்புக்கு ஆஸ்திரேலியாவை நடத்தும்போது மட்டும் இசக்கித்தாய் டீச்சருக்குக் குரல் கொஞ்சம் ஏறிவிடும். பாலைவனம், ஆட்டு ரோமம், கோதுமை என்று எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டு வருபவள், வெள்ளைக்காரன் கப்பலைவிட்டு இறங்கும் இடம் வந்ததும் சாக்கட்டியை மேசைமேல் வைத்துவிடுவாள். “இறங்கினான், பாத்தான், ஆளில்லாத தேசம்னு எழுதிக்கிட்டான். ஆளு இருந்துச்சா, இல்லையா?” என்று கேட்பாள். இருந்துச்சு டீச்சர் என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தும். இது பரீட்சைக்கு வருமா என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்பான். வராது என்பாள். பேனா மூடிகள் வரிசையாக டக் டக்கென்று மூடிக்கொள்ளும்.

அம்பாசமுத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் பூகோளம் நடத்தி வருகிறாள். ஊர் ஈச்சம்பாறை. பாபநாசம் தாண்டி, காரையார் அணையையும் படகில் தாண்டி, அதற்கும் மேலே பொதிகை மலைக் காட்டுக்குள் இருக்கிற காணிக்காரக் குடியிருப்பு. சின்ன வயதில் பாளையங்கோட்டை மிஷன் விடுதிக்கு வந்தவள், படித்து வேலையாகி, வள்ளியூர்க்காரர் ஒருவரைக் கட்டி, அவரையும் பறிகொடுத்து, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு ஒற்றை ஆளாக இருக்கிறாள். அவள் காணிக்காரி என்று உடன் வேலை பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மலைக்குப் போனால் நல்ல தேன் கொண்டு வாங்க டீச்சர் என்பார்கள், அத்தோடு சரி.

ஆசிரியர் அறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே மலை. மற்றவர்களுக்கு அது காற்று வருகிற திசை. அவளுக்கு அது வீடு. ஐப்பசியில் மேகம் இறங்கி மலை மறைந்துபோனால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்ற மறுநாளே அங்கே போய்விடுவது என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். அவளுடைய அப்பா ஆதிச்சன் காணிதான் ஈச்சம்பாறைக்கு மூப்பர். தன் குடிசைக்குப் பக்கத்தில், பலாமரத்து மூட்டில், வேரடியை ஒட்டி, ஒரு குடிசைக்கான இடத்தைச் சமன்படுத்தி அவளுக்கென்று போட்டுவைத்திருந்தார். எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த இடத்துப் புல்லைச் செதுக்கிக் காட்டுவார். “ஏட்டி, இது ஒனக்குத்தான் கெடக்கு. எப்ப வாரே?” என்பார். இந்தா வந்துட்டேன்பா என்று அவளும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் அந்த இடம் அவருடையது என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது. பெற்ற அப்பாவைப் பார்க்கப் போவதற்கே அவள் மலையடிவாரத்து வனத்துறை வாசலில் நின்று பேர் சொல்லி, அடையாள அட்டை காட்டி, யாரைப் பார்க்க, எப்போது திரும்புவாய் என்பதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் போகவேண்டும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு வருகிற ஜனக்கூட்டம் கடா வெட்டிப் பொங்கித் தின்றுவிட்டு ஜாம்ஜாமென்று திரும்பிப்போகும். அந்த மலையில் பிறந்தவளுக்கு மட்டும் இத்தனை கேள்வி. அவள் கோபப்பட்டதில்லை. கேட்கிற காவலர்களும் பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே. கோபப்பட வேண்டிய ஆள் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

அந்த ஆளின் கதையை அவள் அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். மற்ற குடியிருப்புகளில் எப்படியோ, ஈச்சம்பாறைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூப்பர் செத்துப்போனால் அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, அடுப்புக்கல்லையெல்லாம் சாய்த்துவிட்டு, குடியோடு ஓடையைத் தாண்டி எதிர்மலைக்குப் போய்விடவேண்டும். போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒரு மழைக்காலம் முழுக்கச் செத்தவர் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். புகையைக் கண்டாரானால் சோறு வேகிறது, நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் தங்கிவிடுவார். மழை ஓய்ந்த பிறகு திரும்பி வந்து அதே இடத்தில் குடிசை கட்டிக்கொள்வார்கள்.

அப்படி ஒரு மூப்பர் செத்து எல்லாரும் எதிர்மலைக்குப் போயிருந்த சமயத்தில்தான், சங்கிலியும் குத்துக்கல்லும் தூக்கிய ஆட்களோடு ஒரு துரை மலையை அளக்க வந்தானாம். பலா காய்த்துத் தொங்குகிறது, மரச்சீனிக் கிழங்கு விளைந்து நிற்கிறது, குடிசை இருக்கிறது, ஆளைக் காணோம். அடுப்பைத் தொட்டுப் பார்த்தான், சாம்பல் குளிர்ந்து கிடந்தது. கூடாரம் அடித்துத் தங்கி, சங்கிலி பிடித்து, குடியில்லாத காடு என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனான். இத்தனையும் நடக்கும்போது ஈச்சம்பாறைக்காரர்கள் எங்கே போயிருந்தார்கள்? எங்கேயும் போகவில்லை. எதிர்மலையில் உட்கார்ந்து, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கூப்பிடு தூரம்தான். செத்தவர் கிடக்கிற இடத்துக்கு எப்படி வருவது? வரவில்லை. கூப்பிடவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து வந்த வினைதான். குடியில்லாத காடு என்றால் அது சர்க்கார் காடு. சர்க்கார் காட்டில் விதைத்தால் குற்றம், விறகு ஒடித்தால் குற்றம். பின்னால் அணை கட்டினார்கள். ஓடைக்குக் கீழே இருந்த விதைப்புக்காடு தண்ணீருக்குள் போனது, கேட்பதற்கு நாதியில்லை. தண்ணீர் திருநெல்வேலிச் சீமை முழுக்கப் பாய்ந்து மூன்று போகம் விளைந்தது, அதில் யாருக்கும் வருத்தமில்லை. வெள்ளைக்காரன் மூட்டைமுடிச்சோடு கப்பலேறிப் போனான். அவன் எழுதியது மட்டும் போகவில்லை. அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு நம் ஆட்களும், குடியில்லாத காட்டில் உங்களுக்கு என்ன வேலை என்றுதான் கேட்டார்கள்.

இப்போது சட்டம் வந்திருக்கிறது. காட்டில் இருப்பவர்களுக்கே அவர்கள் இடத்தை எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. மனுப் போட்டு, அலைந்து, செருப்புத் தேய்ந்து, கடைசியில் அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பதற்குப் புதன்கிழமை என்று நாள் குறித்தார்கள். அலைந்தது முழுக்க இசக்கித்தாய்தான். ஆதிச்சன் காணி புதுவேட்டியெல்லாம் வாங்கி வைத்திருந்தார். துரையின் வாரிசு வருகிறான், இந்தத் தடவை நான் வாசலிலேயே நிற்பேன் என்று படகுக்காரனிடம் சொல்லிச் சிரித்தாராம்.

திங்கட்கிழமை காலை அவர் செத்துப்போனார். நோய்நொடி ஒன்றுமில்லை. எழுந்து ஓடையில் முகம் கழுவிவிட்டு வந்து பலாமூட்டில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

செய்தி வந்தபோது இசக்கித்தாய் வகுப்பில் இருந்தாள். அழுதாள். அழுதுகொண்டே படகேறிப் போனாள். அடக்கம் முடிந்து ஓடையில் குளித்துத் துணியைப் பிழிந்தபோதுதான் புதன்கிழமை அவள் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு அழுது முடிப்பதற்குள் இதை நினைக்கவேண்டியிருக்கிறதே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நினைத்தாக வேண்டியிருந்தது.

அணைக்கரைக்கு இறங்கி, சிக்னல் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று, வரப்போகிற அதிகாரிக்குப் போன் போட்டாள். அவர் பெயர் கோமதிசங்கர். திருநெல்வேலி டவுனில் பழைய சைவக் குடும்பம், நல்ல மனுஷன். அப்பா இறந்த துட்டி என்றதும் மெய்யாகவே வருத்தப்பட்டார். நாளை மாற்ற முடியுமா என்று அவள் கேட்டாள். ஏற்கெனவே தள்ளித் தள்ளிப் போன நாள் இது, மாசக் கடைசியில் தனக்கு மாற்றல், அடுத்து வருகிறவர் யாரோ, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும் என்றார். அவள் வழக்கத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“டீச்சர், நீங்க சொல்லுதது எனக்குப் புரியுது. ஆனா நான் கண்ணால கண்டதத்தான் எழுத முடியும். கூட வாரவங்களும் கையெழுத்துப் போடணும்லா. அடுப்புல நெருப்பு இருந்தா குடியிருக்காவன்னு எழுதுவேன். ஆளே இல்லாம குடிசை மட்டும் கெடந்தா நான் என்னன்னு எழுத?”

அவர் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. அந்தத் துரையும் கண்ணால் கண்டதைத்தானே எழுதினான்.

செவ்வாய்க்கிழமை சாமான்களைக் கட்டிக்கொண்டு எல்லாரும் எதிர்மலைக்குக் கிளம்பினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கல் சாய்ந்தது. ஆதிச்சன் வீட்டு அடுப்பை அவருடைய தம்பி மாத்தன் காணி சாய்த்தார். இனி அவர்தான் மூப்பர். இசக்கித்தாயும் ஒரு சாக்குப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அவர்களோடு ஓடையைத் தாண்டினாள்.

அங்கே ஈத்தை மூங்கில் வெட்டி, மழைக்கு ஒதுங்கத் தாழ்வாரம் போடுகிற வேலை சாயங்காலம் வரை நடந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் அவள் சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டு அதிகாரி சொன்னதைச் சொன்னாள். வழக்கத்தை எடுத்துச் சொல்லவேண்டியதுதானே, எழுதப் படிக்கத் தெரிந்த நீயே சொன்னால் கேட்க மாட்டார்களா என்றார். சொல்லிப் பார்த்தாயிற்று என்றாள். அப்படியானால் போகட்டும், இத்தனை காலம் காகிதம் இல்லாமல் இருந்தோம், இனியும் இருந்துவிட்டுப் போவோம் என்றார்.

“இனி விடமாட்டாவ சித்தப்பா. இந்தத் தடவ இல்லன்னு எழுதிட்டாவன்னா, மழை முடிஞ்சி நாம திரும்பிப் போகையில அது நம்ம இடம் கெடையாது. எதிர்மலையில உக்காந்து பாத்துக்கிட்டே இருந்துட்டோம், ஒரு தடவ. போதும்.”

“அதுக்கு என்ன செய்யச் சொல்லுதே? அண்ணன் அங்கன கெடக்கான். அடுப்பப் பத்தவைக்க யாரு போவா?”

“நான் போறேன்.”

மாத்தன் காணி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு அது என்ன என்று தெரியாமல் இல்லை. செத்தவர் இடத்தில் அடுப்பு மூட்டியவர் அவருக்குத் துணையாக நின்றுவிட்டதாகக் கணக்கு. அந்தப் புகையோடு செத்தவரின் ஏக்கமெல்லாம் மூட்டியவரைப் பிடித்துக்கொள்ளும், மற்றவர்களை விட்டுவிடும். மூட்டியவர் எங்கே வேண்டுமானாலும் நன்றாக இருக்கலாம், பிள்ளை குட்டி பெறலாம். குடியில் மட்டும் அவருக்கு இடமில்லை. எதிர்மலைக்குப் போன மறுநாள் புது மூப்பர் ஈச்சம்பாறையைப் பார்த்து நின்று குடியில் உள்ளவர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாக விளிப்பார். அவரவர் இருக்கேன் என்று பதில் கொடுக்கவேண்டும். எல்லாரும் பத்திரமாக இருக்கிறோம், நீ நிம்மதியாகப் போ என்று செத்தவருக்குச் சொல்வது அது. அடுப்பு மூட்டியவர் பேர் அந்த விளிப்பில் வராது. பிறகு எப்போதும் வராது.

“போனா நாளைக்கு ஒம் பேர விளிக்க முடியாது மக்களே. எனக்கு மனசில்லன்னு இல்ல. முடியாது.”

தெரியும் என்றாள்.

“பலாமூட்டுல ஒனக்கு எடம் போட்டு வச்சானே, பாவி. அத என்ன செய்ய?”

யாராவது குடிசை போட்டுக்கட்டும் என்று சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. அவர் அவள் தலையில் கையை வைத்து, வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு ஈத்தை வெட்டப் போனார்.

புதன்கிழமை விடிந்ததும் அவள் மட்டும் ஓடையைத் தாண்டி வந்தாள். ஆளில்லாத ஈச்சம்பாறையை அவள் பார்த்ததே கிடையாது. கோழி இல்லை, பிள்ளைச் சத்தம் இல்லை. ஒரே நாளில் குடிசைகளெல்லாம் கிழடுதட்டிப் போன மாதிரி இருந்தன. துரைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், அவனைச் சொல்லியும் குற்றமில்லை என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, பலாப்பழத்தைப் பார்த்தானே, யார் நட்டது என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா அவனுக்கு என்று மனசு திரும்பச் சண்டைக்கு வந்தது.

அப்பாவின் குடிசைக்குள் போய் அடுப்புக்கல்லை நிமிர்த்தி வைத்தாள். கரி ஏறிய கல் கனமாகத்தான் இருந்தது. சுள்ளி பொறுக்கிவந்து தீப்பெட்டியைக் கையில் எடுத்த பிறகு, உரசாமல் உட்கார்ந்திருந்தாள். இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எழுந்து ஓடையைத் தாண்டிவிட்டால் மத்தியானம் அவள் பேரும் வரிசையில் வரும். ஓய்வு பெற்றதும் இங்கே வந்துவிடலாம். பலாமூட்டில் குடிசை, வாசலில் ஒரு கல், மழை ஓடையில் இறங்குகிற சத்தம். பாளையங்கோட்டை விடுதியில் முதல் நாள் படுத்தபோது காதுக்குள் கேட்காமல் போன அந்தச் சத்தத்தைத் தேடித்தான் அவள் இத்தனை காலமும் நல்ல பிள்ளையாகப் படித்தாள், வேலை பார்த்தாள், காத்திருந்தாள். ஆனால் அந்தக் குடிசை நிற்பதற்கே இடம் இருக்காதே. அவளுக்கும் இருக்காது, எதிர்மலையில் தூங்குகிற பிள்ளைகளுக்கும் இருக்காது.

என்னை மன்னிச்சுக்கிடுங்கப்பா, கொஞ்ச நாள் என்கூட இருந்துட்டுப் போங்க என்று சொல்லித் தீக்குச்சியை உரசினாள்.

ஈரச்சுள்ளி. புகை கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

கோமதிசங்கர் படகிலிருந்தே புகையைப் பார்த்துவிட்டாராம். கூட வனத்துறை அலுவலர் ஒருவரும் கிராமக் கமிட்டி ஆட்களும் வந்தார்கள். ஏறிவந்த இளைப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை, கணுக்காலில் அட்டை வேறு. அவள் உப்பு வைத்து அட்டையை எடுத்துவிட்டு, அப்பாவின் அடுப்பிலேயே கருப்பட்டிக் காப்பி போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். அவர் குடிசைகளைப் பார்த்தார், மரச்சீனி விளையைப் பார்த்தார், பலாமரத்தைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டார். மூட்டில் செதுக்கிப் போட்டிருந்த வெற்றிடத்தைக் காட்டி இது என்ன என்றார். குடிசை போட வச்சிருக்கிற இடம் என்றாள். யாருக்கு என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.

வனத்துறைக்காரர் விவரமான ஆள். அடுப்பு எரியுது சரி, மற்ற ஆட்களெல்லாம் எங்கே என்று கேட்டார். அவள் எதிர்மலையைக் கைகாட்டி, செத்தவருக்காக ஒரு மழைக்காலம் அங்கே போயிருக்கிறார்கள், முடிந்ததும் வந்துவிடுவார்கள் என்றாள். அங்கே வெறும் மஞ்சுதான் தெரிந்தது. அவர் கோமதிசங்கரைப் பார்த்தார். கோமதிசங்கர் பேனாவைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் வெயில் ஏறி மஞ்சு விலகியது. எதிர்ச்சரிவில் வரிசையாக ஆட்கள் நிற்பது தெரிந்தது. மாத்தன் காணியின் குரல் ஓடைக்கு மேலாக வந்தது.

முதலில் ஆதிச்சன் என்று விளித்தார். பதில் இல்லை. மறுபடி விளித்தார். மலைதான் திருப்பிச் சொன்னது. பிறகு தன் பெயரைத் தானே சொல்லி, இருக்கேன் என்றார். அடுத்து அவர் மனைவி. இருக்கேன். பிறகு மூத்த வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பேராக வந்தது. ஆணும் பெண்ணும் கிழமும் இளசுமாக இருக்கேன், இருக்கேன் என்று ஒவ்வொரு குரலும் பாறையில் மோதி இந்தப் பக்கம் வந்து விழுந்தது. வந்தவர்கள் எல்லாரும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

“என்ன டீச்சர் இது?”

“குடியில உள்ள ஆளுகள விளிக்காவ சார். எழுதிக்கிடுங்க.”

கோமதிசங்கர் பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு பேரையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்து எழுதினார். ஒரு பேர் விளங்காதபோது திரும்பி அவளைக் கேட்டார், அவள் சொல்லிக்கொடுத்தாள். வனத்துறைக்காரர் சிகரெட் எடுக்கப் பையில் விட்ட கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

இந்த வரிசை இசக்கித்தாய்க்கு மனப்பாடம். அப்பாவின் அக்காள் மகன் வீடு முடிந்தால் அடுத்தது ஆதிச்சன் வீடு. ஆதிச்சன் வீட்டில் இப்போது மிச்சம் அவள் ஒருத்திதான். அக்காள் மகன் வீட்டுக் கைக்குழந்தையின் பேர் வந்தது. குழந்தைக்குப் பதிலாக அதன் தாய் இருக்கேன் என்றாள். அடுத்த பேருக்கு இசக்கித்தாய் தன்னை அறியாமல் ஓரடி முன்னால் வைத்தாள்.

மாத்தன் காணியின் குரல் நின்றது. எதிரே அவர் மூச்சிழுத்துக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. அடுப்பில் சுள்ளி வெடித்தது.

“இருக்கேன்” என்றாள் இசக்கித்தாய், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அடுத்த வீட்டுப் பேர் வந்தது.

கோமதிசங்கர் நிமிர்ந்து பார்த்தார். “உங்க பேரு வரலையே டீச்சர்?”

“நான் அம்பாசமுத்திரம்லா சார்” என்றாள். “நீங்க எழுதுங்க.”

எழுதினார். குடியிருப்பு உண்டு என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, அவளுக்கும் ஒருமுறை படித்துக் காட்டினார். அவர்கள் படகுக்கு இறங்கத் தொடங்கியதும் அவள் அடுப்பில் தண்ணீர் ஊற்றி, கல்லை முன்போலவே சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

எதிர்ச்சரிவில் யாரும் இல்லை, தாழ்வாரம் போடுகிற வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஈத்தை வெட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. இறங்கும் தடத்தில் பாதி தூரம் போனவள் நின்றாள். ஈச்சம்பாறையை விட்டுப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது குடியில் உள்ளவர்களுக்கான விதி. இனி அது அவளுக்கு இல்லை. திரும்பி நின்று, பலாமரத்தையும் அதன் மூட்டையும், கீழேயிருந்து படகுக்காரன் கூப்பிடும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.